அக்கா போட்டுக் கொடுத்த ஃபயர்வால்

கண்ணாடியில் வளையலால் இரண்டு தட்டு. கூண்டுக்குள் நின்று சவூதிக்கோ குவைத்துக்கோ பேசிக்கொண்டிருக்கிறவர் அழுதாலும் சிரித்தாலும், அந்தத் தட்டு விழுந்ததும் "சரி, வச்சிர்றேன்" என்று முடித்துக்கொள்ள வேண்டும். முடிக்காவிட்டால் அக்காவே லைனை வெட்டிவிடுவார். மீட்டர் அடுத்த நிமிஷத்துக்குத் தாவுவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் வெட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு கை. மற்றக் கடைக்காரர்கள் நிமிஷம் தாவட்டும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இவர் ஒருவர்தான் அடுத்தவர் காசுக்குக் காவல் இருந்தார். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கொமியுனிகேஷனில், காசு கட்டிப் போன் பேசுகிற கடையில், தேயிலைத் தோட்டத்துச் சனம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் வரைக்கும் நின்றதென்றால் சும்மா இல்லை.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மாத்தளையில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவ்வளவு நல்லவர். நல்லவர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, என் வயிற்றெரிச்சலே அதுதான். கெட்டவர் ஒருத்தர் இதைச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒல்லியான ஆள். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கால் ஒன்றை மடித்து வைத்திருப்பார். பக்கத்துச் சரக்குக் கடைக்காரர் கொடுக்கிற கராம்பு ஒன்று எப்போதும் கடைவாயில் இருக்கும். கல்யாணம் முடிக்கவில்லை. கழுத்தில் ஒன்றும் கிடையாது, கையில் மட்டும் இரண்டு தங்க வளையல். ஊருக்கு வெளியே அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு அறை எடுத்து இருந்தார். என் அம்மாவை அத்தை என்றும் அப்பாவை மாமா என்றும் அவராகவே முறை வைத்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நான் பாத்துக்கிறேன், நீ போ." போஸ்ட் ஒபீஸ் வேலை, பாஸ்போர்ட் வேலை, மின்சார பில், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். உண்மையாகவே பார்த்துக்கொள்வார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது ஒரு தோட்டத்து அம்மா குவைத்தில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். மகள் அழுகிறாள் என்பது இந்தப் பக்கத்து முகத்திலேயே தெரிந்தது. "ஏன் அழுவுற, என்னான்னு சொல்லு, சொல்லு" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தட்டு. லைன் போய்விட்டது. வெளியே வந்து, "என்னமோ சொல்ல வந்துச்சுங்க எம் புள்ள" என்றார்.

"அழுகைய ஒக்காந்து கேட்டு நீங்க என்னா செய்யப் போறீங்க? மீட்டருதான் ஓடும். அடுத்த வாரம் வாங்க, அதுக்குள்ள அழுது முடிச்சிருக்கும்" என்றார் அக்கா.

அந்த அம்மா சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

தோட்டங்களில் அப்போது போன் இருந்த வீடுகள் குறைவு. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் அக்கா கடை நம்பரைத்தான் வீட்டு நம்பராகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு மாசி மாதம், முத்துமாரியம்மன் தேருக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த சமயம், சவூதியில் டிரைவராக இருந்த ஒருவர் இறந்துவிட்டதாக அக்காவுக்குச் செய்தி வந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டார் அத்தனை பேரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு வந்து தேர் வடம் பிடித்தார்கள். இவரும் பக்கத்தில் நின்று கும்பிட்டார். தேர் எல்லாம் இருப்புக்குப் போய், கடலை வண்டிகள் கூடக் கிளம்பிய பிறகுதான், தோட்டத்துக்குப் போய்ச் சொன்னார்.

செத்தவரின் பெரியப்பா கொதித்துப் போனார். "தீட்டோட போயி அம்மன் வடத்தத் தொட்டுட்டோமே! இது அடுக்குமா?"

"தெரியாமத்தானே தொட்டீங்க? தெரியாததுக்குத் தீட்டு இல்ல. தெரிஞ்ச தீட்ட நான்தானே சொமந்தேன்" என்றார் அக்கா.

கடைசியில் செத்தவரின் மனைவியே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் ஒரு தேராவது சந்தோஷமாகப் பார்த்தார்களே என்று அழுதாராம். இதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்தவர் வீட்டுச் சாவை எப்போது சொல்வது என்று இவர் யார் முடிவு செய்ய, என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அக்காவின் வீடு எரிந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை. எங்கள் வீட்டுக் கேட்டுக் கொளுக்கியைச் சரியாக மாட்டாமல் நான் உள்ளே வந்துவிட்டேன் என்று திட்டிக்கொண்டே போய் மாட்டிவிட்டு வந்து சொன்னார்: "காட்டிக் குடுக்குறது தெரியாதவன் இல்ல புள்ள. நம்ம வீட்டு டீயக் குடிச்சவன்தான்." அந்த வாக்கியத்தை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி என் கதை.

வாசனைச் சரக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு ஸ்டோரில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. சனிக்கிழமைகளில் ரயில் ஏறிக் கண்டிக்குப் போய் ஒரு கணக்கியல் வகுப்பில் படித்தேன். அங்கே கூடப் படித்த ஒருவர்தான் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வேலை. நான் "வாங்க, போங்க" என்று பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார். 'ஆமா'வுக்கு அவர் "ஓம், ஓம்" என்பதற்கு நான் சிரிப்பேன். அப்படித்தான் தொடங்கியது. யுத்தம் ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-நைன் ரோட்டைத் திறந்தார்கள். ஊருக்கெல்லாம் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த ரோட்டு ஆளைக் கொண்டு போய்விட்டது. தனியாக இருந்த அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார். இன்று எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது.

அவர் வீட்டில் போன் இல்லை. எங்கள் வீட்டுப் போன் ஹோலில், அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில். கடிதம் வந்தால் அப்பாதான் பிரிப்பார், அதனால் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்தது கொம்பியூட்டர்தான். தோட்டத்து ஒபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, ஜாதகம் பார்க்கிற சீடி ஒன்றுக்காகவே வாங்கிய கொம்பியூட்டர் அது. முதல் நாளே அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, பூவேலை செய்த துணியால் மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பா கோயிலுக்குப் போன பிறகு, போன் லைனை அதில் செருகினால், அது கீச்சிட்டுக் கரகரத்து ஒருவழியாக இன்டர்நெட்டுக்குள் போகும். அங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு நெட் கடையில் அவர் உட்கார்ந்திருப்பார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டிப் பேசுவோம். யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போச்சு.

அந்த வருஷம்தான் உலகம் முழுக்க ஒரு வைரஸ் வந்தது. இன்டர்நெட்டுக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே, இந்தக் கொம்பியூட்டர் ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும் என்று திரையில் ஒரு பெட்டி வரும். அறுபது, ஐம்பத்தொன்பது என்று குறைந்துகொண்டே போகும். நான் அவசர அவசரமாக, "போகுது, போகுது, அடுத்த கிழமை" என்று தட்டுவதற்குள் அணைந்துவிடும். அழுகையாக வரும்.

அக்காவிடம் சொன்னேன். அவர் கடையில் ஒரு கொம்பியூட்டர் உண்டு. கவுண்டருக்கு உள்பக்கம் இருக்கும், வேறு யாரும் தொட முடியாது. மாத்தளையில் எத்தனையோ பேருக்கு ஈமெயில் திறந்து கொடுத்தவர் அவர்தான். பாஸ்வேர்ட் அவரே போடுவார், அவரே ஞாபகம் வைத்துக்கொள்வார். வந்த மெயிலைப் படித்து, பிரிண்ட் எடுத்து மடித்து, வருகிறவர்களிடம் கொடுப்பார். எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. தபால்காரர் கடிதம் கொடுக்கிற மாதிரி என்றுதான் நினைத்தோம். என்னுடையதும் அவர் திறந்ததுதான்.

"பூச்சி புகுந்திருச்சு. ஃபயர்வால் போடணும்" என்றார்.

"அது என்னாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"வீட்டுக்கு கேட்டு இருக்குல்ல மாமா, அந்த மாதிரி. யாரு வந்தாலும், யாரு போனாலும், ஒங்களக் கேட்டுத்தான் விடும்."

கேட்டது. ஐயோ, என்ன கேள்வி கேட்டது! கண்டியிலிருந்து வாங்கி வந்த சீடியைப் போட்டு, 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று அமத்தி, சம்மதம் என்று ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டு, அணைத்து மறுபடி போட்டால், 'டிங்' என்று ஒரு பெட்டி. இன்னது இன்டர்நெட்டுக்குப் போகப் பார்க்கிறது, விடலாமா, தடுக்கலாமா? அதற்குப் பதில் சொன்னால் இன்னொரு 'டிங்'. பிரிண்டர் போகப் பார்க்கிறது. கடிகாரம் போகப் பார்க்கிறது. அம்மா குசினியிலிருந்து, "யாரோ கூப்புடுறாங்க பாரு" என்று சத்தம் போடுவாள்.

அப்பாவின் ஜாதகமும் போகப் பார்த்தது. "ஜாதகத்துக்கு வெளிய என்னா வேல?" என்று அக்கா அதைத் தடுத்துவிட்டார். மறுநாள் அது திறக்கவே இல்லை. "எல்லாருக்கும் சனி பாத்துச் சொன்ன ஜாதகம். இப்ப அதுக்கே சனி புடிச்சிருச்சு" என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு வாயில் நுழையாத எழுத்துகளைக் கோத்து ஒரு பெயர் வந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "இது யாருன்னு தெரியலயே. தெரியாத ஆளு நமக்கு வேணாம்" என்று தடுத்து, இனிமேல் கேட்காதே என்றும் ஒரு அடையாளம் போட்டார். இன்டர்நெட்டே செத்துப் போயிற்று. அந்தத் தெரியாத ஆள் கொம்பியூட்டருக்குள்ளேயே இருக்கிற சொந்தக்கார ஆள், அவன் இல்லாமல் எதுவும் வெளியே போகாது என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு போயிற்று. கழற்றினோம், மறுபடி போட்டோம். வைரஸுக்கு ஏற்கெனவே இருந்த மருந்துக்கும் இதற்கும் ஒத்து வரவில்லை, அதையும் கழற்றினோம். இடி மழை வந்தால் மோடம் எரிந்துவிடும் என்று அம்மா வயரைப் பிடுங்கி வைப்பாள். அது தெரியாமல் நாங்கள் ஃபயர்வாலைத் திட்டுவோம். நானும் அக்காவும் மாறி மாறி மானிட்டரைத் திட்டியதும், வடையைத் தின்றுகொண்டே சிரித்ததும் எல்லாம் உண்மைதான். அந்த ஞாயிறுகளில் அக்கா என்னை ஏமாற்றவில்லை. அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒருவழியாகச் சரியாயிற்று. பேசும் அந்த மெசெஞ்சருக்கு நானே 'விடலாம்' என்று அமத்தினேன். மூலையில் ஒரு சின்னப் பூட்டு, பச்சையாக இருந்தது. அந்த ஞாயிறு ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினோம். அன்றைக்குத்தான் அவர் கேட்டார். அப்பாவிடம் பேசுவதற்கு எப்போது வரட்டும், நீங்கள் சொல்கிற நாளில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி உங்கள் கேட்டடியில் இறங்குகிறேன், நீங்கள் சொல்லாமல் வரமாட்டேன் என்றார். யாழ்ப்பாண பஸ் தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகும். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று தட்டினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாளைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லாததை அக்காவிடம் சொன்னேன். கடையில், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம்."

கராம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினார். "ஆளு நல்லவரா?"

"நல்லவரு அக்கா."

"சரி புள்ள. நான் பாத்துக்கிறேன், நீ போ."

நாள் சொல்ல வேண்டிய அந்த ஞாயிறு அக்கா வெள்ளனவே வந்துவிட்டார். ஃபயர்வாலுக்குப் புதிசு ஒன்று வந்திருக்கிறதாம், அதைப் போடாவிட்டால் பூச்சி திரும்ப வருமாம். போட்டார். பூட்டு சிவப்பாகிவிட்டது. மெசெஞ்சர் சுற்றிச் சுற்றி வந்து, முடியவில்லை என்றது. வேறு எதுவும் திறக்கவில்லை.

"என்னாக்கா இது?"

"அதான் எனக்கும் புரியல. அடுத்த வாரம் பாப்போம்."

நான் பதறினேன். அவர் அங்கே உட்கார்ந்திருப்பாரே! "ஒங்க கடையிலருந்து எனக்காக ஒரு மெயில் அனுப்பி விடுங்க அக்கா. கொம்பியூட்டர் பழுது, சரியானதும் நானே சொல்றேன்னு. அவ்வளவு போதும்" என்று அவருடைய ஈமெயில் முகவரியை எழுதிக் கொடுத்தேன். நாளைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை இன்னொருத்தர் விரலால் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆசை. அனுப்பிவிட்டேன் என்று மறுநாள் அக்கா சொன்னார்.

"பதில் வந்துச்சா?"

"இல்ல புள்ள."

அதற்கடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அமத்துவார், அணைப்பார், போடுவார், உச்சுக் கொட்டுவார். "சனியன் புடிச்ச சாமான்" என்று அதைத் திட்டுவார். நெற்றியில் வேர்வை கூட வந்தது, சத்தியமாக. நான் பக்கத்தில் நின்று விசிறுவேன், டீ போட்டுக் கொடுப்பேன், எனக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே என்று பாவமாக இருக்கும். ஒருநாள் நானே அதைக் கழற்றி எறியப் பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. "ஒன் கை பட்டு இன்னும் கெட்டுறக் கூடாதேன்னு போட்டு வச்சேன்" என்றார். டவுனில் வேறு ஒரு ஆளைக் கூட்டி வரட்டுமா என்று அப்பா கேட்டதற்கு முகம் சுண்டிப்போய், "என் மேல நம்பிக்கை இல்லன்னா கூப்புடுங்க மாமா" என்றார். அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வேலை முடிந்து வரும்போது தினமும் கடைக்குள் எட்டிப் பார்ப்பேன். ஸ்டூலில் இருந்தபடியே தலையை ஆட்டுவார், இல்லை என்று. பிறகு நான் எட்டிப் பார்ப்பதை விட்டேன். ஒரு வரிக்குப் பதில் போடாத ஆளுக்கு நான் வலியப் போய்க் கடிதம் எழுதுவதா? தோட்டத்துப் பிள்ளைதானே என்று கொஞ்ச நாள் பேசிப் பார்த்தான், அவன் ஆட்களிடம் சொன்னதும் கைகழுவிவிட்டான். அப்படித்தான் முடிவு செய்தேன். அவரை வெறுத்தேன். நன்றாக, வயிறு எரிய எரிய வெறுத்தேன். அப்பா இன்டர்நெட்டை வெட்டிவிட்டார். கொம்பியூட்டர் பழையபடி ஜாதகம் பார்த்தது. எனக்கு வந்த இடங்களையெல்லாம் நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சில வருஷங்களில் ரோட்டை மறுபடி மூடினார்கள். யுத்தம் திரும்ப வந்துவிட்டது. யாழ்ப்பாணம் என்று போட்ட பஸ்கள் எங்கள் கேட்டடியில் ஓடுவது நின்றது. டவுனில் ஐ.சி. அடையாள அட்டை இல்லாமல் நடக்க முடியாது. ஒருநாள் எங்களுக்கு அடுத்த சந்தில், வடக்கிலிருந்து அடிக்கடி போன் வருகிறது என்று ஒரு வீட்டுப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை.

அன்று பின்னேரம் அக்கா எங்கள் குசினிக்கு வந்தார். அம்மா சுளகில் நெத்தலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் டீ ஊற்றினேன். மூவரும் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசினோம். அக்கா ஒரு பெருமூச்சு விட்டார்.

"அன்னைக்கு மட்டும் நான் அத அடைக்காம விட்டிருந்தா, இன்னைக்கு அந்த ஜீப்பு இந்த கேட்டுக்கு முன்னாலதான் நின்னிருக்கும், அத்த."

"எத அடைச்சீங்க?" என்றேன்.

"ஒன் கொம்பியூட்டரத்தான்."

"அது பழுதுன்னுதானே சொன்னீங்க?"

"பழுதுதான். நான்தான் பழுதாக்குனேன்" என்று சிரித்தார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த சிரிப்பு அது. "போட்டு அமத்தி வச்சது நான். நீ பாட்டுக்கு 'நாளச் சொல்றேன்'னு சொல்லிட்டு, அந்த ஆளு வந்து எறங்கியிருந்தா? நீயும் போயிருப்ப. அங்க தோட்டத்துப் புள்ளன்னு அவுங்க ஒன்னய சமையக்கட்டுலதான் வச்சிருப்பாங்க. அப்புறம் இந்தச் சண்ட வேற. எனக்குத் தெரியும் புள்ள, எல்லாம் பட்டவ நான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிமிரவில்லை. நெத்தலித் தலை ஒன்று ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பொறவுதான் சொன்னா" என்றாள் அம்மா, சுளகைப் பார்த்தபடியே.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. எந்தக் கையால் நான் விசிறினேனோ அந்தக் கையால் அவரை அறைய வேண்டும் போல இருந்தது. வயதில் மூத்தவர், வீட்டுக்கு வந்தவர், நான் ஊற்றிய டீ கையில். பாவி, என் வாழ்க்கையை இப்படி நெத்தலி கிள்ளுகிற நேரத்தில் சொல்லிவிட்டாயே!

"அன்னைக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேனே. அனுப்பலியா?"

"அனுப்புனேனே! கொம்பியூட்டர் பழுதுன்னு நீ சொன்னத மேல போட்டு, மிச்சத்த வேற மாதிரி. மரியாதையாத்தான் எழுதுனேன்." கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். "'தங்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் பெற்றோரின் விருப்பமே என் விருப்பம். இனித் தொடர்பு வேண்டாம்.' நல்லாத்தானே இருக்கு? ஒரு கெட்ட வார்த்த இல்ல."

"அதுக்கு அவரு ஒண்ணும் எழுதல. அப்புடித்தானே?"

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் கும்பிட்டேன். சாமி, அவர் பதில் போடாமல் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமும் வெறுத்ததற்கு அதுவாவது மிச்சமாகட்டும்.

"எழுதாம என்னா? அன்னைக்கே எழுதுனாரு." அக்காவுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது, யாழ்ப்பாணப் பேச்சு மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டினார். "'இது நீங்கள் கதைக்கிற மாதிரி இல்லை. முதல்ல கொம்பியூட்டர் சரி வரட்டும். பிறகு நீங்களே சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.' அதுக்கப்புறமும் விடல மனுசன். மாசா மாசம் ஒண்ணு வரும். 'சரி வந்திட்டுதோ?'ன்னு, அவ்வளவுதான். ரோட்டு மூடுற வரைக்கும் கேட்டாரு."

நான் என் டீயை மேசையில் வைத்தேன்.

"அத என்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது கூடவா விளங்கவில்லை என்கிற பார்வை.

"நல்லாக் கேட்ட போ. அவரு அப்புடிச் சொன்னதுக்கப்புறம், நான் எப்புடி புள்ள கொம்பியூட்டரச் சரி பண்ணுறது?"

சொல்லிவிட்டு, மேசையில் வளையலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டீ ஆறுது, குடி."